அஜந்தா வர்ண இரகசியமும் ஆயனரின் ஆசையும்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்த நம்மவர்களின் பெட்டிகளில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் எடுத்தால், பித்தளைக் குத்துவிளக்கும் காப்பி வடிகட்டியும் குலதெய்வத்தின் படமும் முதலிடம் பெறும். அவற்றோடு பல வீடுகளில் இன்னொரு பொருளும் இருந்தது. வார இதழில் வந்த தொடர்கதையை வாரந்தோறும் கவனமாகப் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை கட்டி வைத்த தொகுதியே அது. அத்தகைய தொகுதிகளுள் மிகுதியாகக் கைமாறியவற்றுள் ஒன்று அமரர் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த அப்புதினத்தை நம் பாட்டிமார் படித்தனர், அன்னையர் படித்தனர், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பேரப்பிள்ளைகளுக்கு இன்று சிலர் வாய்மொழியாகவே சொல்லியும் வருகின்றனர்.

காதலும் ஒற்றர்களின் சூழ்ச்சியும் போரும் பின்னிப் பிணைந்த கதை அது. அந்தப் பின்னலின் நடுவே, ஊன்றிப் பார்த்தாலன்றிக் கண்ணில் படாத ஓர் இழை ஓடுகிறது. இரகசியம் ஒன்றைத் தேடும் இழை அது. பல நூற்றாண்டு கடந்தும் மங்காத அஜந்தா ஓவியங்களின் வர்ணம் எவ்வாறு ஆக்கப்பட்டது? இக்கேள்விக்கு விடை காணத் துடிக்கும் சிற்பி ஒருவரின் ஆசையிலிருந்தே கதையின் பெரும்பகுதி முளைத்தெழுகிறது. மராட்டிய மண்ணில் குடியிருக்கும் நமக்கு அஜந்தா எட்டாத தொலைவன்று. ஜல்காவ் நிலையத்தில் இறங்கினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். எனவே இந்த மலரின் வாயிலாக அந்த இரகசியத்தைப் பற்றியும், அதனினும் முக்கியமாக, அதைத் தேடியவரின் ஆசையைப் பற்றியும் சிறிது சிந்திக்க விரும்புகின்றோம். நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்: கலையின்மேல் கொண்ட அன்பு எதுவாயினும் நல்ல அன்புதானா? அந்த அன்பின் பொருட்டு மனிதர் எவரையும் பணயம் வைக்க நமக்கு உரிமை உண்டா?

படிக்காத ஓலை

ஆயனச் சிற்பியைத் தீயவர் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. பொன்னுக்கோ பதவிக்கோ ஆசைப்படாத மனிதர் அவர். காஞ்சிக்கு அருகே காட்டின் நடுவே வீடமைத்துக்கொண்டு, கல்லும் உளியுமாக வாழ்கின்றவர்; மகள் சிவகாமியின் நடனத் தோற்றங்களைக் கல்லில் நிலைநிறுத்துவதையே வாழ்வின் பயனாகக் கருதுகின்றவர். அவருடைய உள்ளத்தில் மிஞ்சியிருந்த ஆசை ஒன்றே ஒன்று. அது அஜந்தா வர்ண இரகசியம்.

அந்த ஒற்றை ஆசையைத்தான் நாகநந்தி அடிகள் என்னும் பிக்ஷு கண்டுகொள்கிறார். கல்வி கற்கவும் சிற்பம் பயிலவும் காஞ்சிக்கு வந்த இளைஞன் பரஞ்சோதியின் கையில் ஓர் ஓலையைக் கொடுத்து வடதிசைக்கு அனுப்பும்படி யோசனை கூறுகிறார். வர்ண இரகசியத்தை அறிந்து வருவதற்கான ஓலை அது என்று ஆயனர் நம்புகிறார். உண்மையில் அது பல்லவ நாட்டின்மேல் படையெடுக்கும் புலிகேசிக்கு எழுதப்பட்டது. ஓலையில் எழுதியிருப்பது இன்னதென்று ஆயனர் ஆராயவில்லை. யுத்த மேகம் சூழ்ந்திருக்கும் வேளையில், அயல் நாட்டு வழியே, உலகம் அறியாத ஓர் இளைஞனைத் தனியே அனுப்புகின்றோமே என்று அவர் நெடுநேரம் தயங்கவும் இல்லை. மாறுவேடத்தில் வந்த மகேந்திர பல்லவர் இடையிலே புகுந்து ஓலையை மாற்றியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர் அறிவர்.

இங்கே நம்மை நிறுத்துவது ஓர் எளிய உண்மை. தீய ஆசை கொண்டவனை ஏமாற்றுவது கடினம். அவனுக்கு எங்கும் சந்தேகம். நல்ல ஆசை கொண்டவனையோ எளிதில் ஏமாற்றலாம். ஏனெனில் அவன் தன் ஆசையைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை. 'என் பொருட்டா கேட்கிறேன்? கலையின் பொருட்டன்றோ?' என்னும் ஒரு வாசகம் அவனது மனச்சாட்சியைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடுகிறது. வள்ளுவர் அவா அறுத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்தபோது, பொருளின்மேல் எழும் அவாவை மட்டும் விலக்கி, அழகின்மேல் எழும் அவாவுக்குத் தனிச் சலுகை எதுவும் அளித்ததாகத் தெரியவில்லை.

ஆயனருக்கு எதிர்முனையில் நிற்பவர் நாகநந்தி. அவரும் கலையை உணர்ந்தவரே. சிவகாமியின் ஆடலின் அருமையை அவரளவு நுட்பமாக உணர்ந்தவர் கதையில் வேறெவரும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் உணர்தல் விரைவிலேயே உடைமையாக்கிக்கொள்ளும் வெறியாக மாறுகிறது. தமக்குக் கிட்டாத அழகு பிறர் எவர்க்கும் கிட்டலாகாது என்னும் எல்லைவரை அது செல்கிறது. ஆயனரின் அன்பும் நாகநந்தியின் வெறியும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஆயினும் இரண்டுக்கும் இடையே மதில் ஏதும் இல்லை. இருப்பது ஒரு சரிவுதான். சரிவின் மேலே நிற்பவர் தாம் நிற்பது சரிவு என்பதை அறிந்திருத்தல் நன்று.

மலையில் இருந்த இரகசியம்

இனி, அந்த வர்ண இரகசியந்தான் என்ன? கதை எழுதப்பட்ட காலத்தைக் காட்டிலும் இன்று அதைப் பற்றி நமக்குத் தெளிவாகத் தெரியும்.

வாகோரா ஆற்றின் வளைவில், குதிரை இலாட வடிவில் அமைந்த மலைமுகத்தில் ஏறத்தாழ 30 குகைகள் குடையப்பட்டன. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய பணி இடையே நின்று, ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் பெருமளவில் நடைபெற்றது. நாம் இன்று கண்டு வியக்கும் ஓவியங்களுள் மிகப் பல அந்த இரண்டாம் பருவத்தைச் சேர்ந்தவை. ஓவியர்கள் கரடுமுரடான பாறையின்மீது மண்ணும் பாறைத்துகளும் நெல் உமியும் புல்லும் நாரும் கலந்த சாந்தைப் பூசினர். அதன்மேல் நயமான மண்பூச்சு. அதற்கும் மேல் மெல்லிய வெள்ளைப்பூச்சு. உலர்ந்த அத்தளத்தின்மேல் காவியால் கோடிழுத்து, பசையில் குழைத்த நிறங்களைத் தீட்டினர். ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டும் ஐரோப்பிய முறையிலிருந்து இது வேறானது.

நிறங்கள் எவை? சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணிலிருந்து வந்தவை. பச்சை, அப்பகுதிப் பாறைகளிலேயே கிடைக்கும் பச்சை மண். கறுப்பு, விளக்குக் கரி. வெள்ளை, வெண்களிமண், சுண்ணம் போன்றவை. நீலம் ஒன்றுதான் தொலைவிலிருந்து வந்தது. ஆப்கானிய மலைகளில் வெட்டியெடுக்கப்படும் வைடூரிய நீலக்கல்லை வணிகர் கொணர, அதை இடித்துப் பொடியாக்கினர். மண்ணும் கல்லும் வெயிலுக்கு நிறம் மாறாதவை ஆதலின், அவற்றால் ஆன நிறமும் எளிதில் மாறவில்லை. இவ்வளவுதான் இரகசியம்! ஆயனர் தம் வீட்டு வாசலில் குனிந்து ஒரு பிடி செம்மண்ணை எடுத்திருந்தால், அவர் தேடிய பொருளில் பாதி அவர் கையிலேயே இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கதை நிகழும் ஏழாம் நூற்றாண்டில், அஜந்தாவின் ஓவியர்கள் கலைந்துபோய் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது என்பதே வரலாற்றறிஞரின் பொதுக் கருத்து. புலிகேசியின் நாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மலையைக் குடைந்து அமைந்த ஒரு பெரும் பள்ளியைப் பற்றிக் குறித்துள்ளார். அது அஜந்தாவே என்று கருதுவர். பள்ளி இருந்தது. அதைத் தீட்டிய கைகள் இல்லை. புதினம் கற்பனையின் உரிமையோடு அங்கே கலைஞர்களை மீண்டும் உலவவிடுகிறது. அதில் குறைகாண ஒன்றும் இல்லை. ஆயினும் வரலாறு கூறும் செய்தி கதையினும் துயரமானது. மண் அங்கேயே இருந்தது. கல் அங்கேயே இருந்தது. சாந்து குழைக்கும் முறையைப் பலர் அறிந்தும் இருந்திருக்கலாம். கொடையளித்த அமைச்சர்களும் வணிகர்களும் போயினர். சேர்ந்து உழைத்த ஓவியர் குழு கலைந்தது. அந்தக் கலையை வேண்டி நின்ற கண்கள் இல்லாமற் போயின. ஒரு கலை தொலைந்தது என்றால் செய்முறை தொலைந்தது என்று நாம் எண்ணுகின்றோம். மெய்யாகத் தொலைந்தவர்கள் மனிதர்கள்.

நம் ஊர்ப் பக்கத்துச் சான்று ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். சுவாமிமலைத் தபதிகள் படிமம் வார்க்கும் முறையில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருச்செய்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுகின்றனர். நூல்களில் இது விரிவாக எழுதப்பட்டுள்ளது. நூலைப் படித்துவிட்டு நாளைக்கே ஒருவர் நடராசரை வார்த்துவிட முடியுமா? தந்தையின் அருகே மகன் அமர்ந்து, பல்லாண்டு மெழுகைப் பிசைந்து, கை பழகினாலன்றி அது கைகூடாது. ஆகவே கலையின் இரகசியம் ஓலையில் எழுதி அனுப்பக்கூடிய ஒன்றன்று. ஒருவரருகே ஒருவர் இருத்தலே அந்த இரகசியம். ஆயனரின் பிழை தவறான மனிதரை நம்பியது மட்டுமன்று. தவறான இடத்தில் தேடியதும் ஆகும். கற்க வந்த பரஞ்சோதி அவர் வீட்டிலேயே நின்றிருந்தான். கற்பிக்க வேண்டியவனை அவர் தூதனாக்கி அனுப்பிவிட்டார்.

அன்பு செய்த சேதம்

அஜந்தாவின் பிற்கால வரலாறு நம் கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது.

1819 ஏப்ரலில் வேட்டைக்கு வந்த ஜான் சுமித் என்னும் ஆங்கிலப் படையதிகாரி குகைகளைக் கண்டார். பத்தாம் குகையின் தூணில் தம் பெயரைக் கீறிவைத்தார். அன்று குகைக்குள் மண் மேடிட்டிருந்ததால், அப்பெயர் இன்று ஆளுயரத்துக்கும் மேலே காணப்படுகிறது. பல நூற்றாண்டுகளாகக் காடும் வௌவாலும் மழையும் மட்டுமே உறவாயிருந்த ஓவியங்களுக்கு, அதன்பின் இரசிகர்கள் கிடைத்தனர். ராபர்ட் கில் என்பவர் 1844-இல் படியெடுக்க அமர்த்தப்பட்டுப் பல்லாண்டு குகைகளிலேயே உழைத்தார். அவர் தீட்டிய படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1866-இல் அங்குள்ள பளிங்கு அரண்மனையில் நேர்ந்த தீயில் அவற்றுள் பெரும்பாலானவை எரிந்துபோயின. பிறகு பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிபித்சு 1872 முதல் தம் மாணவர்களோடு மீண்டும் படியெடுத்தார். அவற்றுள்ளும் பல 1885-இல் இலண்டனில் இன்னொரு தீக்கு இரையாயின.

படிகள் போயின, மூலம் தப்பியதா? ஓவியத்தின் நிறம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் படியெடுத்தோர் மூலத்தின்மேலேயே மெருகெண்ணெய் பூசினர். ஐதராபாத் நிசாம் அரசு 1920-ஐ ஒட்டி இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்துப் பாதுகாப்புப் பணி செய்வித்தது. உதிர்ந்துகொண்டிருந்த சாந்தினை அவர்கள் நிறுத்தியது பேருதவி. ஆயினும் அவர்கள் பூசிய அரக்குப் பூச்சு நாளடைவில் மஞ்சளாகிக் கறுத்து, கீழிருந்த நிறங்களை மூடியது. பின்வந்த தொல்பொருள் துறையினர் அதனைப் பொறுமையோடு அகற்றும் பணியை மேற்கொள்ள வேண்டியதாயிற்று. கெடுக்க வேண்டும் என்று வந்தவர் இவர்களுள் எவருமிலர். ஒவ்வொருவரும் அன்பு செய்தனர். ஒவ்வோர் அன்பும் ஒரு படலத்தை விட்டுச் சென்றது.

மறதி காத்தது, அன்பு கெடுத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? அது பொருந்தாது. மறதியும் மழைநீரையும் பூச்சிகளையும் உள்ளே விட்டது. காவலின்றிக் கிடந்தபோது உதிர்ந்த சாந்து எவ்வளவோ! அன்பு வேண்டாம் என்பதன்று முடிவு. அன்புக்கு ஓர் அளவு வேண்டும் என்பதே முடிவு. கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று, 'இது என் கண்ணுக்காகவா, அதன் வாழ்வுக்காகவா?' என்று கேட்கும் தயக்கமே அந்த அளவு.

வியப்பு என்னவென்றால், இதே பாடத்தை அந்தச் சுவர்களே சொல்லிக்கொண்டிருக்கின்றன. சுமித் பெயர் கீறிய அதே பத்தாம் குகையில் சத்தந்த சாதகம் தீட்டப்பட்டுள்ளது. ஆறு கொம்புகள் கொண்ட யானையரசனின் கதை அது. காசியின் அரசி அக்கொம்புகளை வேண்டி வேடனை அனுப்புகிறாள். நஞ்சம்பு பாய்ந்த யானை, வேடன்மேல் சினம் கொள்ளாமல், தன் கொம்புகளைத் தானே அறுத்துத் தர உதவிவிட்டு உயிர்விடுகிறது. ஒளிவீசும் கொம்புகள் அரசியின் முன் வைக்கப்படுகின்றன. முற்பிறவியில் அந்த யானைக்கே துணைவியாயிருந்தவள் அவள். கேட்டது கிடைத்துவிட்டது, கண்டதும் நெஞ்சு வெடித்து அவள் மாள்கிறாள். அழகிய பொருள் கைக்கு வந்த அந்தக் கணத்தில்தான், அதைத் தாங்கி நின்ற உயிர் இனி இல்லை என்பது தெரிகிறது. அஜந்தாவின் இரகசியத்தைத் தேடியவர்கள் வர்ணத்தைக் கேட்டனர். சுவர் சொல்லிய கதையைக் கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.

கேளாமல் வாங்கியவர்கள்

ஆயனர் ஓலையைப் படித்துப் பார்க்காமல் அனுப்பினார். நம் காலத்தில் அதே பிழையைப் பேரளவில் செய்தவர்கள் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், பழுது பார்ப்பதற்காக அனுப்பப்பட்டபோது நகலெடுக்கப்பட்டார். நகல் கோயிலுக்குத் திரும்பியது. மூலம் கைமாறி, கடல் கடந்து, 1973-இல் கலிபோர்னியாவில் ஒரு செல்வந்தரின் சேகரிப்பை அடைந்தது. வழக்குக்குப் பின் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1986-இல்தான் நாடு திரும்பியது. அரியலூர்ப் பகுதியில் உள்ள சிறீபுரந்தான் கோயிலின் நடராசரோ 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் 50 இலட்சம் டாலருக்கு வாங்கப்பட்டு, திருட்டு வெளிப்பட்ட பிறகு 2014-இல் திருப்பியளிக்கப்பட்டது.

வாங்கியவர்கள் கலையை அறியாதவர்களா? அல்லர். சோழப் படிமத்தின் நெளிவையும் நிமிர்வையும் அறிந்து போற்றியதனால்தான் அவ்வளவு விலை கொடுத்தனர். 'நாங்கள் வாங்காவிட்டால் எங்கோ இருட்டறையில் பாசி பிடித்துக் கிடந்திருக்குமே' என்று சிலர் வாதிப்பர். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. நம் கோயில்களில் பூட்டிய அறைகளும் பூசையற்ற சந்நிதிகளும் இருந்தன என்பது உண்மை. ஊரைவிட்டு வந்த நாமும் அதற்கு ஓரளவு பொறுப்பாளிகளே. ஆனால் காப்பாற்றுகிறவன் முதலில் 'இது யாருடையது?' என்று கேட்பான். கேட்காமல் வாங்குகிறவன், தன் ஆசைக்குக் காப்பு என்று பெயர் சூட்டுகின்றான். அக்கேள்வியைக் கேட்டால் பொருள் கைநழுவிப் போகும் என்னும் அச்சமே பலரை ஊமையாக்கியது. ஓலையைப் பிரித்தால் பயணம் நின்றுவிடும் என்னும் அச்சம் ஆயனரின் உள்ளத்திலும் எங்கோ ஓர் மூலையில் இருந்திருக்கக்கூடும்.

கொண்டுபோகாத பொன்

அப்படியானால் கலையை அன்புசெய்யும் சரியான வழி எதுவென்று கேட்கலாம். அதற்கும் வரலாறே விடை வைத்திருக்கிறது. அந்த விடை நம் எதிரிகளிடமிருந்து வருகிறது என்பது அதன் தனிச்சிறப்பு.

642-இல் நரசிம்மவர்மரின் படை வாதாபியை வென்றது. அவ்வெற்றியைக் குறிக்கும் பல்லவர் கல்வெட்டு வாதாபிப் பாறையில் இன்றும் உள்ளது. புதினத்தில் அந்த வெற்றி, சிவகாமியின் சபதம் நிறைவேறும் கட்டம். நகரம் எரிகிறது. ஆனால் கல்கி அதை வெறும் வெற்றிக் களிப்பாக எழுதி முடிக்கவில்லை. படைத் தலைவராய் நின்ற பரஞ்சோதி வாளைக் கீழே வைத்து அடியாராகிறார். பெரியபுராணம் போற்றும் சிறுத்தொண்டர் அவரே. சிவகாமிக்கோ காத்திருந்த காதலும் கைகூடவில்லை. அவள் தன்னை ஏகாம்பரநாதருக்கே அர்ப்பணித்துக்கொள்கிறாள். வாதாபியும் கலைஞர்களின் ஊரே. 578-இல் முடிவுற்ற மூன்றாம் குகைக் கோயிலில் ஓவியத்தின் எச்சங்கள் இன்றும் உள்ளன. ஒரு கலைமகளின் மானத்துக்காக எழுந்த தீயில் இன்னொரு நாட்டுக் கலைஞர்களின் வீடுகளும் எரிந்திருக்குமே என்னும் எண்ணம் வாசகர் நெஞ்சைச் சுடாமல் இராது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் சக்கரம் சுழன்றது. சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று உள்ளே நுழைந்தான். வாதாபிக்குப் பழிவாங்க அவனுக்கு எல்லாக் காரணமும் இருந்தன. கயிலாசநாதர் கோயிலில் குவிந்திருந்த செல்வத்தைக் கண்டான். அதைக் கொண்டுபோகாமல் கோயிலுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் அக்கோயிலின் தூணிலேயே பொறித்துச் சென்றான். காஞ்சிக்குச் செல்லும் நம் குழந்தைகளுக்கு நாம் காட்டவேண்டிய முதற் காட்சி அந்தக் கல்வெட்டே என்று கருதுகின்றோம். எடுத்துச் செல்ல வல்லமை இருந்தும் எடுக்காமல் விட்ட கையின் சுவடு அது.

அவன் வெறுங்கையோடு போகவும் இல்லை. பட்டடக்கல்லில் அவன் அரசி லோகமாதேவி எழுப்பிய கோயில், இன்று விருபாட்சர் கோயில் எனப்படுவது, காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சாயலைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள கல்வெட்டு, சர்வசித்தி ஆசாரி என்னும் தென்திசைச் சூத்திரதாரியைப் புகழ்ந்து பேசுகிறது. பொன் காஞ்சியிலேயே இருந்தது. கலை பட்டடக்கல்லுக்கும் சென்றது. ஓரிடத்தில் குறையாமலே இன்னோரிடத்தில் நிறையக்கூடிய செல்வம் கலை ஒன்றே. ஒற்றனின் ஓலையால் வர இயலாத ஒன்று, கலைஞனின் பெயரைக் கல்லில் பொறிக்கும் மதிப்பினால் வந்தது.

சுவரும் குழந்தையும்

இவ்வளவும் பழங்கதை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணலாம். தொடர்பு நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது.

ஊரைவிட்டு வந்த நாம் ஒவ்வொருவரும் ஒருவகையில் ஆயனர்களே. நம் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதாக நாம் அஞ்சும் ஒன்றை, மொழியோ பாட்டோ பரதமோ கோலமோ, எப்படியாவது நிலைநிறுத்த வேண்டும் என்று தவிக்கின்றோம். அந்தத் தவிப்பு உயர்ந்ததுதான். ஆனால் அதனை எதன்மேல் தீட்டுகின்றோம்? பெரும்பாலும் நம் பிள்ளைகளின்மேல். சனி ஞாயிறுகளில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு அழைத்துச் செல்லப்படும் சிறுமியின் முகத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள். சங்க விழா மேடையில் பொருள் புரியாத பாடலை மனனம் செய்து ஒப்பிக்கும் சிறுவனின் கண்கள் கூட்டத்தில் தாயைத் தேடுவதைப் பாருங்கள். பிழையின்றிச் சொன்னால் நாம் கைதட்டுகின்றோம். அவன் சொன்னது அவனுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

ஆயனர் தம் மகளைப் பேரன்புடன் வளர்த்தார். ஆயினும் அவள் ஆடியபோது அவருடைய கண் அவளைக் கண்டதா, கல்லில் செதுக்கவேண்டிய தோற்றத்தைக் கண்டதா? அவள் நெஞ்சில் காதல் மலர்ந்து வதங்கிய நாள்களில், அவரது நினைவு எத்தனை முறை அஜந்தாவுக்குப் போய்விட்டது? இக்கேள்விகளைக் கல்கி உரத்துக் கேட்கவில்லை. கதையைக் கூறிவிட்டு, கேட்கும் பொறுப்பை நமக்கு விட்டுவிட்டார். நமக்குத் தோன்றும் விடை இதுதான். கலை மனிதரைவிட நெடுநாள் வாழும் என்பது உண்மை. அதனாலேயே அது மனிதரைவிட உயர்ந்தது என்று கொள்வது பிழை. நெடுநாள் வாழ்வது கல்லின் இயல்பு; பொருள் தருவதோ அதன் எதிரே வந்து நிற்கும் உயிர். அந்த உயிரை வருத்திக் கலையைக் காப்பது, யானையைக் கொன்று கொம்பைக் காப்பதாகும்.

குழந்தை நாம் ஓவியம் தீட்டும் சுவரன்று. நம்மருகே அமர்ந்து மெழுகைப் பிசையும் மாணவன். நாளைக்கு நம்மினும் வேறாக ஒன்றை வார்க்கப் போகிறவன். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த வாயால் அவன் பேசும் தமிழில் பிழை இருக்கலாம். அந்தப் பிழையோடு அவன் தன் பாட்டியிடம் ஒரு கதை கேட்பானாயின், அங்கே நம் மொழி வாழ்கிறது. பிழையற்ற ஒப்பித்தலுக்குப் பின், மேடையிலிருந்து இறங்கியதும் அவன் அதை மறந்துவிடுவானாயின், நாம் காத்தது ஒரு படலத்தை மட்டுமே.

ஆயனர் நெடுந்தொலைவுக்கு ஆளனுப்பித் தேடிய இரகசியம், அவர் காலடி மண்ணிலும் அவர் வீட்டு வாயிலில் நின்ற இளைஞனிடத்திலும் இருந்தது. நம்முடைய இரகசியமும் அதற்கு அப்பால் இல்லை. அடுத்த விடுமுறையில் அஜந்தாவுக்குச் செல்லும் அன்பர்கள், பத்தாம் குகையில் சற்றே நின்று, அந்த யானையின் கதையைப் பிள்ளைகளுக்கு, அவர்களுக்குப் புரிகின்ற தமிழிலேயே சொல்லுவார்களாக. சுவரைத் தொடாமல் சொல்லுவார்களாக. பிள்ளை கேட்கும் கேள்விக்கு, எந்த மொழியில் கேட்டாலும், நின்று விடை கூறுவார்களாக.